பவளத் தொட்டியில் பாசியும் பூச்சியும்: வாசகர் கேள்வி பதில்

உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. மார்த்தாண்டம் முதல் நெய்யாற்றின்கரை வரை எல்லையின் இரு பக்கத்தவரும் கேட்டிருக்கும் கேள்விகளில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): ஐயா, 60 லிட்டர் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் வளர்க்கிறேன். பாறை முழுவதும் பச்சை மயிர்போலப் பாசி படர்ந்திருக்கிறது. தேய்த்து எடுத்தாலும் சில நாட்களில் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் சோதனைக் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம் என்றே காட்டுகிறது. கடல்நீரைத் தேங்காப்பட்டணத்திலிருந்து கேனில் கொண்டு வருகிறேன். ஆவியாகிக் குறைவதற்குக் கிணற்று நீர் ஊற்றுகிறேன். அடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் போட்டிருக்கிறேன். கடையில் பாசி மருந்து தருகிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். நன்னீர்த் தொட்டிக்கென்று விற்கப்படும் பாசி மருந்துகள் பலவற்றில் செம்பு கலந்திருக்கிறது. மீன் அதைத் தாங்கினாலும் நத்தை, இறால், பவளம் ஆகியவை தாங்கா. பாறையிலும் மணலிலும் ஒருமுறை படிந்த செம்பு பல மாதங்களுக்குக் கசிந்துகொண்டே இருக்கும்.

கிட் பூஜ்யம் காட்டுவதை நம்பி உணவுச் சத்து இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். நீரில் கரைந்து நிற்பதை மட்டுமே கிட் அளக்கிறது. வந்து சேரும் பாஸ்பேட்டைப் பாசி அவ்வப்போதே உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துவிட்டால் அளப்பதற்கு நீரில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே எவ்வளவு இருக்கிறது என்பதை விட எங்கிருந்து வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் கடிதத்திலேயே அதற்கு இரண்டு வழிகள் தெரிகின்றன.

முதலாவதும் பெரியதும் கிணற்று நீர். பாஸ்பேட்டைப் போலவே நைட்ரேட்டும் பாசிக்கு உணவுதான். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. உங்கள் கிணறு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் சிறு தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். 2 லிட்டரில் வரும் 90 மில்லிகிராம் 60 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். ஒரு மாதத்தில் அது 45 ஆகிவிடும். பவளத் தொட்டிக்கு 5 முதல் 10 வரை போதும் என்னும்போது, குடிக்கத் தகுந்த நீரே இங்கே உரமாகிவிடுகிறது. ஏத்தன் வாழைக்கு உரமிடும் விளையின் நடுவே கிணறு இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். பாசியைத் தேய்த்து எடுத்துக்கொண்டே இந்த நீரை ஊற்றுவது, ஒரு கையால் களை பறித்து மறு கையால் உரம் போடுவது போன்றது.

ஆகவே ஆர்.ஓ. நீருக்கு மாறுங்கள். அதிலும் ஒரு கவனம் தேவை: வீட்டுக் குடிநீர் இயந்திரங்கள் பலவற்றில், சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரைச் சிறிதளவு திரும்பக் கலந்துவிடும் ஒரு சிறு திருகு இருக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி அதை மூடிவிட்டு, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் ஒற்றை இலக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கடல்நீர். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம் தேங்காப்பட்டணம். வாழைத் தோட்டங்களையும் ரப்பர் தோட்டங்களையும் கழுவிக்கொண்டு வரும் ஆற்று நீர் மழைக்காலத்தில் அங்கே கடல்நீரோடு கலந்து நிற்கிறது. போதாததற்கு மீன்பிடித் துறைமுகத்தின் டீசலும் உண்டு. பொழிமுகத்தைவிட்டு விலகி, வள்ளத்தில் வெளியே போகிறவர்களிடம் கேனைக் கொடுத்து நீர் எடுத்துவரச் சொல்வது நல்லது. ஆனி, ஆடி மாதங்களில் அதையும் நிறுத்திவிட்டு, ஆர்.ஓ. நீரில் தொட்டி உப்பை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைத்துப் பயன்படுத்துங்கள். ஒப்படர்த்தி 1.025 வர வேண்டும்.

மணலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பதற்காகவே ஐ.ஆர்.இ.எல். என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை அங்கே இயங்குகிறது. மோனசைட் ஒரு பாஸ்பேட் கனிமம்தான் என்றாலும் எளிதில் கரையாது என்பதால் உங்கள் பாசிக்கு அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அதை வரவேற்பறையில் வைத்துக்கொள்ள எந்த அவசியமும் இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு: கண்ணாடி துடைக்கும் காந்தத்தைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கரிய இல்மனைட் துகள்கள் அதில் வரிசையாக ஒட்டியிருக்கும். கண்ணாடியில் விழுந்திருக்கும் நீளக் கீறல்கள் அவற்றின் வேலைதான். மணலை ஒரே நாளில் அள்ளாமல், வாரம் ஒரு பகுதியாகக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். மென்பவளங்களுக்கு வெறும் கண்ணாடித் தரையே போதும்.

இவற்றைச் சரிசெய்த பின்னரே கையால் பிடுங்குவதற்குப் பலன் உண்டு. கழற்ற முடிந்த பாறைகளை வெளியே எடுத்து, ஒரு வாளிக் கடல்நீரில் வைத்துத் தேய்த்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டிக்குள் வைத்துத் தேய்த்தால் துணுக்குகள் பரவி வேறிடத்தில் முளைக்கும். விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். வாரம் 6 லிட்டர் நீரை மாற்றுங்கள். பக்க அறை ஒன்று அமைக்க முடிந்தால், நம் கடற்கரைக்காரர்கள் கஞ்சிப்பாசி என்று சொல்லும் கிராசிலேரியாவை ஒரு பிடி அதில் வளர்த்து, பெருகப் பெருக வெட்டி எறியலாம். உறிஞ்சிய சத்தும் அதோடு வெளியே போய்விடும். இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாறையில் ஏற்கனவே ஊறிய பாஸ்பேட் வெளியேற அவ்வளவு காலம் ஆகும்.

கேள்வி (பாறசாலை வாசகர்): பாசியை ஒழிக்க வேண்டும் என்று பாஸ்பேட் நீக்கும் துகள்களைப் பை நிறையப் போட்டேன். பச்சைப் பாசி போய்விட்டது. இப்போது பழுப்பு நிறத்தில் சளிபோன்ற இழைகள், நுனியில் காற்றுக் குமிழிகளோடு, பாறையிலும் மணலிலும் தொங்குகின்றன. நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தினமும் நீர் மாற்றியும் குறையவில்லை.

பதில்: நீங்கள் விவரிப்பது பாசியல்ல, டைனோபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிராக இருக்க வேண்டும். காலையில் விளக்குப் போடும் முன் பாருங்கள். இரவில் பெரும்பகுதி மறைந்து, பகலில் திரும்ப வருமானால் சந்தேகம் வலுக்கிறது. உறுதி செய்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிதளவு சளியைத் தொட்டி நீரோடு மூடிய பாட்டிலில் வைத்து நன்றாகக் குலுக்கி, காகித வடிகட்டியில் வடித்து, வடிந்த தெளிநீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் இழைகள் மீண்டும் ஒன்றுகூடினால் இதுவேதான். சிவப்புப் போர்வைபோல் மொத்தமாக உரிந்து வரும் சயனோபாக்டீரியாவும், புதுத் தொட்டிகளில் தவிடு தூவியதுபோல் படியும் டயாட்டமும் அப்படிக் கூடுவதில்லை.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொடும்போது இவற்றோடு போட்டியிடும் மற்ற உயிர்கள் பட்டினியால் பின்வாங்குகின்றன. காலியான இடத்தில் இது பெருகுகிறது. ஆகவே வழக்கமான அறிவுரைகளுக்கு நேர்மாறாக இங்கே நடக்க வேண்டும்: பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிடுங்கள், நீர் மாற்றுவதைச் சில வாரங்கள் நிறுத்துங்கள், தீனியைச் சற்றுக் கூட்டுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரையிலும், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரையிலும் நிற்கட்டும். மூன்று நாட்கள் தொட்டியைக் கறுப்புத் துணியால் முழுவதும் மூடி வைத்தால் மென்பவளங்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரவில் நீருக்குள் மிதந்தெழும் வகையாக இருந்தால் புற ஊதா விளக்குக் கருவி நன்றாக வேலை செய்யும். மணலிலேயே புதைந்து கிடக்கும் வகைக்கு அதனால் பயன் குறைவு. கருவிக்குப் பணம் செலவழிக்கும் முன், இரவில் இவை எங்கே போகின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

நத்தைகள் சாவதற்கு இந்த உயிரின் நஞ்சே காரணமாக இருக்கலாம். ஆஸ்ட்ரியோப்சிஸ் என்னும் வகை மனிதருக்கும் ஒவ்வாத நஞ்சைச் சுரக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (களியக்காவிளை வாசகி): ஐயா, பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு பூக்கள் பாறையில் முளைத்துள்ளன. கத்தியால் சுரண்டினேன், ஒன்று இருந்த இடத்தில் இப்போது ஐந்தாறு இருக்கின்றன. பாறையை எடுத்துக் கொதிக்க வைத்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். அம்மா வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். அது ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி வகை. அடிப்பகுதியில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது தனி உயிராக வளர்ந்துவிடும் என்பதால், சுரண்டுவது நாற்று நடுவதற்குச் சமம்.

பவளத் தொட்டிக்காரர்கள் வெளிநாட்டு டப்பாவில் விலை கொடுத்து வாங்கும் மருந்துகள் சிலவற்றில் இருப்பதும் நீற்றிய சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடுதான். வாசனையோ நிறமோ சேர்க்காத வெறும் நீறாகப் பார்த்து வாங்கி, ஆர்.ஓ. நீரில் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். நீரோட்ட மோட்டாரை நிறுத்துங்கள். துளி தீனியை அதன் பக்கத்தில் விட்டால் வாயை விரிக்கும். அந்த நேரத்தில் பெரிய ஊசி பொருத்திய சிரிஞ்சினால் வாயிலும், சுருங்கியவுடன் அதன் மேலும் குழம்பை வைத்து மூடிவிடுங்கள். தொட்டுத் துன்புறுத்தினால் அது துளைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். இருபது நிமிடம் கழித்து மோட்டாரைப் போடலாம். சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும் என்பதால் சிறு தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வைக்காதீர்கள். உங்கள் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெப்பர்மின்ட் இறால் இவற்றைத் தின்னும். ஆனால் முதுகு கூனி, கண் பெரிதாக, வெள்ளைக் கோடுகளோடு இருக்கும் ஒட்டக இறாலை அந்தப் பெயரில் விற்பதுண்டு. அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு உங்கள் மென்பவளங்களைத் தின்னும்.

கொதிக்க வைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பாறையில் ஸோவாந்தஸ், பாலிதோவா போன்ற பொத்தான் பவளங்கள் ஒட்டியிருந்தால் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு ஆவியோடு எழும். பாறையை வெந்நீரில் இட்டவர் மட்டுமன்றி, வீட்டிலிருந்த எல்லோரும் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. மைத்துனரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): இரவில் டார்ச் அடித்தால் பூரான் போன்ற புழுக்கள் பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கின்றன. எப்படி ஒழிப்பது?

பதில்: ஒழிக்க வேண்டாம். அவை பெரும்பாலும் எஞ்சிய தீனியையும் இறந்தவற்றையும் தின்று துப்புரவு செய்யும் முட்புழுக்கள். எண்ணிக்கை திடீரென்று கூடினால் நீங்கள் தீனியை அள்ளிப் போடுகிறீர்கள் என்று பொருள். வெறுங்கையால் தொட்டால் முட்கள் குத்தி எரியும்.

கேள்வி (நெய்யாற்றின்கரை வாசகர்): கடையில் வாங்கும் பாறையோடுதானே பூச்சிகள் வருகின்றன? அதற்குப் பதிலாக முட்டம், குளச்சல் பக்கம் கடலிலிருந்தே பவளப் பாறை எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்களும் கடல் விசிறிகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. உயிருள்ள பவளத்துக்கு மட்டுமன்றி, கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றமே. கடைக்காரர் ரசீது கொடுத்தாலும் இதில் மாற்றமில்லை.

சுட்ட களிமண்ணிலோ சிமெண்டிலோ செய்த செயற்கைப் பாறை போதும். அதில் பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் ஐப்டேசியாவும் நண்டும் அதோடு வருவதில்லை. மென்பவளத் துண்டுகளை நண்பர் தொட்டியிலிருந்து வாங்கினாலும், தனி வாளியில் ஒரு மாதம் வைத்து, அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, முட்டைச் சுருள் ஏதேனும் இருந்தால் கத்தியால் சுரண்டிய பிறகே உள்ளே விடுங்கள். மீன் வேண்டுமானால் கடலில் பிடிக்காமல் தொட்டியில் பொரித்து வளர்த்த கோமாளி மீன்களையே கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்திலுள்ள விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அலங்காரக் கடல் மீன்களைப் பொரிக்க வைக்கும் முறைகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அங்குள்ள சாகரிகா காட்சிக் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். தொட்டியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது நான் எழுதுவதைவிட அங்கே நன்றாகப் புரியும்.

பிடுங்கிய பாசியையும் வேண்டாத உயிர்களையும் கடலிலோ நெய்யாற்றிலோ கொட்டுவதும் தவறு. வளர்ப்புக்கென்று கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களின் மேலேயே படர்ந்திருக்கிறது. பாசியை வெயிலில் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். மாற்றிய உப்புநீரைத் தென்னை மூட்டில், ஒரே மரத்துக்கு எப்போதும் ஊற்றாமல், மாற்றி மாற்றி ஊற்றலாம்.