எச்ஐவி இருப்பவருக்கு அடிக்கடி வயிறு கெடுவது ஏன்? குடல் பாக்டீரியாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சித்தப்பாவுக்கு எச்ஐவி. சில வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் வயிற்று உப்புசம், அவ்வப்போது பேதி. எச்ஐவி நல்ல பாக்டீரியாவை அழித்துவிடும், அதை உயிரோடு அடைத்த ப்ரோபயாடிக் வாங்குங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். இந்தக் கேள்வி எங்களிடம் நேராக வராது, "வாயுவுக்கு ஏதாவது கொடும்மா" என்றுதான் வரும். நாடு முழுக்க ஏறக்குறைய 80 லட்சம் பேருக்கு எச்ஐவி இருக்கிறது, அதில் அதிகம் பேர் எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில். இருந்தும் நம்மவர்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்கள். நீங்கள் கேட்டதே நல்லது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எச்ஐவியை ரத்தத்தில் இருக்கும் நோய் என்றே நினைக்கிறோம். ஆனால் உடலின் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு இருப்பது குடல் சுவரில். வைரஸ் எந்த வழியாக உள்ளே வந்தாலும், முதல் சில வாரங்களிலேயே அங்கிருக்கும் சிடி4 என்ற எதிர்ப்புச் செல்களை ஏராளமாக அழித்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் சிடி4 எண்ணிக்கை ஓரளவு நன்றாகத் தெரியும் நேரத்திலேயே குடலில் பெரிய சேதம் நடந்து முடிந்திருக்கும். அழிந்தவற்றில் டிஎச்17 என்ற வகை முக்கியம். குடலின் உள்தோலைப் பழுது பார்ப்பதும், பாக்டீரியாவை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் அவற்றின் வேலை.

அவை போனதும் சுவர் கசிகிறது. பாக்டீரியாவின் மேலுறைத் துண்டுகள் ரத்தத்துக்குள் வருகின்றன. 2006இல் இதை ரத்தத்தில் அளந்தே காட்டினார்கள். அந்தத் துண்டுகளைப் பார்த்து எதிர்ப்புச் சக்தி ஓயாமல் விழித்துக்கொண்டே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பாக உடலுக்குள் அழற்சி நீடிக்கிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கு இதய நோய் சற்று அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மாத்திரை ஆரம்பித்ததும் ரத்தத்தில் சிடி4 ஏறும். குடலில் அந்த அளவுக்குத் திரும்புவதில்லை, தாமதமாகவும் குறையாகவும்தான் திரும்பும். சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்குப் பலன் அதிகம். 2016 செப்டம்பரிலிருந்து இங்கே சிடி4 எண்ணிக்கைக்குக் காத்திராமல் எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பது இந்த வகையிலும் நல்லதுதான்.

இனி பாக்டீரியா. குடல் சுவருக்கு உணவான ப்யூட்டிரேட்டைத் தயாரிக்கும் வகைகள் குறைகின்றன, அழற்சியைத் தூண்டும் வகைகள் கூடுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எச்ஐவி வந்தால் ப்ரிவோடெல்லா என்ற பாக்டீரியா பெருகும் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். 2016இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, அது ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் எச்ஐவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிகம் என்று தெரிந்தது. அதைக் கழித்துப் பார்த்தபோது, எச்ஐவியோடு சேர்ந்து நின்றது பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கை குறைவதுதான். தானியமும் நாரும் அதிகம் சாப்பிடும் ஆப்பிரிக்கக் குடல்களில் ப்ரிவோடெல்லா சாதாரணமாகவே அதிகம். அதனால் அமெரிக்க ஆய்வு ஒன்றை எடுத்து டர்பன் சித்தப்பாவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

ப்ரோபயாடிக் டப்பா விலை உங்களுக்குத் தெரியும். நடந்த சோதனைகள் சின்னவை, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிடி4 200க்குக் கீழே இருந்தால் உயிருள்ள பாக்டீரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். பணம் வாங்கும் கடையில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன், நான் விற்க மாட்டேன். தயிர், கடையில் கிடைக்கும் அமாசி என்ற புளித்த பால், ஆடி மாதம் கோயிலில் ஊற்றும் புளித்த கூழ், சுகர் பீன்ஸ் கறி எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். மருந்துக்குப் பதிலாக என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் போதும் என்பது போலப் பேசிய ஒரு சுகாதார அமைச்சர், மான்டோ ஷபலாலா-ம்சிமாங், இந்த நாட்டில்தான் இருந்தார். அந்த வருடங்களில் மாத்திரை தாமதமானதால் போன உயிர்கள் ஏராளம்.

என்னைக் கேட்டால், சித்தப்பாவின் வயிற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது அவருடைய மற்ற மாத்திரைகள். டர்பனில் நம்மவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதிகம். இப்போது பெரும்பாலோருக்குக் கொடுக்கும் எச்ஐவி மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. அது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மெட்ஃபார்மின் கூடினால் உப்புசம், பேதி. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. அப்புறம் அந்த உப்புசத்துக்கென்று ஆன்டாசிட், அதாவது அமிலத்தைக் குறைக்கும் மருந்து, வாங்குவார்கள், அது டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாமல் தடுக்கும். எச்ஐவி மாத்திரையை ஆன்டாசிடுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

எடை குறைகிறது, ராத்திரியில் வியர்க்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் பாக்டீரியா பேச்சை விட்டுவிட்டு அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். இங்கே காசநோய் குடலிலும் வரும்.