ஒயின் குடிப்பவர்களின் ருசி மாறுகிறதா? கேள்வி பதில்

நான் காரைக்காலில் பிறந்தவள். பாரிஸில் முதலில் உணவகம் ஒன்றில் ஒயின் பரிமாறினேன், இப்போது ஒயின் கடையில் இருக்கிறேன். இரண்டும் சேர்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்த துறைக்குள் வருபவற்றை எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் முன்கூட்டியே ஒன்று: பாட்டிலைச் சூட்டில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் மேல், அடுப்பு மேடை, வெயிலில் நிற்கும் கார், மூன்றும் வேண்டாம்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிரான்ஸிலேயே ஒயின் குடிப்பது குறைகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் ஐயா. இந்த ஆண்டோ போன ஆண்டோ தொடங்கியதும் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் செலவானது. இன்று அதில் பாதிகூட இல்லை.

அன்றைய ஒயின் வேறு பொருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வயலிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள், நம் ஊரில் நீராகாரம் குடிப்பது போல, மதியச் சாப்பாட்டோடு குடித்த மலிவான சிவப்பு ஒயின் அது. லிட்டர் பாட்டிலில் வரும், காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாட்டில் மது கொடுக்கக் கூடாது என்று 1956-ல்தான் உத்தரவு வந்தது என்றால், அது எவ்வளவு சாதாரணமாக இருந்திருக்கும்! அப்புறம் வேலை அலுவலகத்துக்கு மாறியது. மதியச் சாப்பாட்டு நேரம் சுருங்கியது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் இறுகியது. 1991-ல் மது விளம்பரத்துக்கும் கடிவாளம் போட்டார்கள்.

ஆக, முதலில் போனது தினசரி ஒயின். மிச்சமிருப்பது விருந்தாளி வரும் நாளுக்கான ஒயின். என் கடையில் ஆறு பாட்டில் சிவப்பு ஒரே பெட்டியாக வாங்கிப்போனவரின் மகள் இன்று இரண்டு பாட்டில் வாங்குகிறாள், ஒன்று வெள்ளை, ஒன்று நுரைக்கும் ஒயின். ஆனால் அப்பா கேட்காத கேள்வியெல்லாம் கேட்கிறாள். எந்த மண், யார் செய்தது, மருந்து அடித்தார்களா என்று. அளவு குறைந்தது, அக்கறை கூடியது. இதை ருசி கெட்டுப்போனதாக நான் பார்க்கவில்லை.

ஆனால் திராட்சை வளர்ப்பவர்களுக்கு இது பெரிய அடி. உலகம் முழுவதும் 2024-ல் செலவான ஒயின் சுமார் 2,140 கோடி லிட்டர், 1961-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. தேங்கிய ஒயினைக் காய்ச்சித் தொழிற்சாலை ஆல்கஹாலாக மாற்ற 2023-ல் பிரெஞ்சு அரசு 20 கோடி யூரோ ஒதுக்கியது. பிரான்ஸின் பெயர்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவில் திராட்சைக் கொடிகளைப் பிடுங்குவதற்கே பணம் தருகிறார்கள். தாத்தா நட்ட கொடியைப் பேரன் பிடுங்கிப் போடுவதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சென்னை: தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

இந்தப் பேச்சு பரவியது 1991-ல். கொழுப்புச் சாப்பாடு சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு ஒயினாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அங்கே விற்பனை எகிறியது. ஆனால் மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர் உடம்புக்கு நல்லது என்று நினைத்துத் தொடங்க வேண்டாம். ஒயின் விற்கிற நானே சொல்கிறேன்.

பாரிஸ், லா ஷப்பல்: அக்கா, சிவப்பு வைனைக் குளிராகக் குடிக்கலாமோ? ரெஸ்டோரண்டில் இப்ப நிறையப் பேர் அப்படிக் கேக்கினம்.

தாராளமாகக் கொடுங்கள் தம்பி. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி' என்ற விதி, ஹீட்டர் இல்லாத பழைய கல்வீட்டுக் காலத்தது. அந்த அறை 16, 18 டிகிரிதான் இருக்கும். இன்றைய வீடு 22 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும்.

போஜொலே பகுதியின் கமே, லுவார் பக்கத்து கபர்னே ஃப்ரான் மாதிரித் திராட்சை ரகங்களில் செய்த இலேசான சிவப்பு என்றால் 12 முதல் 14 டிகிரி. ஒரு மணி நேரம் போல ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். துவர்ப்பு அதிகமுள்ள கனமான ஒயினை அவ்வளவு குளிர வைக்காதீர்கள். குளிர் துவர்ப்பைத் தூக்கிக் காட்டும், வாழைக்காய்த் தோலைக் கடித்தது போல நாக்கு இழுக்கும்.

கோடை நீண்டுவிட்டது, கறி சாப்பிடுவது குறைந்துவிட்டது, அதனால் இலேசான சிவப்பைத் தேடுகிறார்கள். இதில் ஒரு வேதனையும் உண்டு. வெயில் கூடக்கூடத் திராட்சையில் சர்க்கரை ஏறுகிறது, அந்தச் சர்க்கரைதான் புளித்து ஆல்கஹாலாகிறது. நாற்பது வருடம் முன்பு 12 சதவீத ஆல்கஹால் இருந்த போர்தோ இன்று 14-ஐத் தொடுகிறது. குடிப்பவர் இலேசானதைக் கேட்கும் நேரத்தில் கொடி கனமானதைத் தருகிறது.

கோயம்புத்தூர்: ரெட் ஒயின் ரத்தக் குழாய்க்கு நல்லது என்று படித்தேன். எவ்வளவு குடிக்கலாம்?

சென்னைக்காரருக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். அளவெல்லாம் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

திருச்சி: திருகு மூடி போட்ட ஒயின் மட்டமானதா?

இல்லை. கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற பொருள் ஒயினுக்கு ஈரமான அட்டைப்பெட்டி வாடையைக் கொடுத்துவிடும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 2000-ல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற நல்ல வெள்ளை ஒயின் செய்பவர்கள் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். நியூசிலாந்தும் பின்தொடர்ந்தது.

பெங்களூரு: இயற்கை ஒயின், ஆரஞ்சு ஒயின் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரே பேச்சு. என்ன அது?

ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிடாமல், தோலோடே நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். நிறம் காவியாகிறது, துவர்ப்பு ஏறுகிறது. ஜார்ஜியா நாட்டில் இது மிகப் பழைய முறை. நம் தாழி போன்ற பெரிய மண்பாண்டத்தை மண்ணில் புதைத்து அதில்தான் செய்கிறார்கள். அதன் பெயர் க்வேவ்ரி. யுனெஸ்கோ 2013-ல் அந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது.

இயற்கை ஒயின் என்றால் ரசாயன மருந்து அடிக்காத திராட்சை, வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல் தானே புளிப்பது, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம் மிகக் குறைவு அல்லது அறவே இல்லை. ஐரோப்பாவில் சாதாரண சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை கந்தகம் இருக்கலாம். பிரான்ஸில் 2020-ல் வந்த 'வேன் மெத்தோட் நத்யூர்' (இயற்கை முறை ஒயின்) முத்திரை வேண்டுமென்றால், சேர்ப்பது 30-க்குள் இருக்க வேண்டும்.

புதுச்சேரி ஆசிரியர் மறுபடி: மன்னிக்கவும் அம்மா. கலங்கி, புளித்து, வாடை அடிப்பதற்கு 'இயற்கை' என்று பெயரா? எங்கள் காலத்தில் அதைக் கெட்டுப்போன ஒயின் என்போம்.

லியோன், மாணவி: ஐயா, உங்கள் காலத்து போர்தோ ஒரு பாட்டிலுக்கு என் வார மளிகைப் பணம் போய்விடும். அதைக் குடிக்க கிளாஸைப் பிடிப்பதற்கும் சுழற்றுவதற்கும் பாடம் வேறு. இயற்கை ஒயின் கடையில் யாரும் என்னை மட்டமாகப் பார்ப்பதில்லை.

இருவருமே விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

ஐயா, நம் வீட்டு இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போட்டார்கள்? அரிசியிலும் உளுந்திலும் இருப்பதே மாவைப் பொங்க வைக்கிறது. ஒயினும் அப்படித்தான் தொடங்கியது. கலங்கல் ஒரு குறை அல்ல, வடிகட்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஆனால் மாவு ஒருநாள் நன்றாகப் பொங்கும், ஒருநாள் கடுத்துப்போகும், கைப்பக்குவம் உள்ளவருக்கு அது முன்பே தெரியும். இங்கேதான் நீங்கள் சொல்வது சரி. காடி வாடை தூக்கலாக அடித்தால் குறை. குதிரைலாய வாடை பழ வாசத்தை மூடிவிட்டால் குறை. எல்லாவற்றிலும் மோசம் எலி வாடை. முகர்ந்தால் தெரியாது, விழுங்கிய பிறகு எச்சிலோடு சேர்ந்தவுடன் வாய் முழுக்க நிற்கும். 'இயற்கை அப்படித்தான்' என்று அதையும் விற்கிற கடைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மாணவிக்கு: உணவகத்தில் இருந்தபோது இதை நேரில் பார்த்திருக்கிறேன். பட்டியலில் மலிவான பாட்டிலைக் கேட்ட இளம் தம்பதியிடம் மூத்த பணியாளர் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். அவர்கள் தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் தலைமுறை பீருக்கும் காக்டெயிலுக்கும் போனதற்கு உடல்நலக் கவலையும் விலையும் காரணம் என்கிறார்கள், அது சரிதான். அந்தப் புருவமும் ஒரு காரணம். ஆனால் போர்தோ என்றாலே விலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். புகழ்பெற்ற சில பத்துப் பண்ணைகள்தான் அந்த விலை. பத்து யூரோவுக்குள் நேர்மையான ஒயின் செய்யும் சிறு விவசாயிகள் அங்கே ஏராளம், இன்று கொடியைப் பிடுங்குவது அவர்கள்தான்.

சேலம்: 95 மதிப்பெண் வாங்கிய ஒயின்தான் நல்லதா?

அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-ல் தன் இதழைத் தொடங்கி நூற்றுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தைப் பரப்பினார். அவர் எண்ணுக்கு விலையே ஏறி இறங்கியது. ஆனால் அது ஒருவருடைய நாக்கு. உங்கள் நாக்குக்கு எது பிடிக்கிறது என்று குறித்துவையுங்கள்.

மதுரை: ஒயின் கொலஸ்ட்ராலைக் குறைக்குமா?

மூன்றாவது முறை. மருந்தாகக் குடிக்க வேண்டாம்.

கம்பம்: எங்கள் பன்னீர் திராட்சையில் ஒயின் செய்ய முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பிரான்ஸின் தெற்கே வான்தூ மலையடிவாரத்திலும் அதே ரகம்தான் விளைகிறது, அங்கேயும் பெயர்க் காப்பு உண்டு. ஆனால் அவர்கள் அதைச் சாப்பிடும் பழமாகத்தான் விற்கிறார்கள். வாசம் அபாரம். ஒயினாக்கினால் வாசம் நிற்கும், வாயில் உணரும் கனம் குறைவாக இருக்கும். இலேசான, கொஞ்சம் இனிப்பான, குளிரக் குடிக்கும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கு ஏற்றது. இன்று உலகம் தேடுவதும் கிட்டத்தட்ட அதைத்தான். உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வது சட்டப்படி குற்றம், அதற்கு வழி சொல்ல மாட்டேன்.

வேலூர்: பிரியாணிக்கு எது?

காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் கூடும், துவர்ப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் அல்லது ரோஸே. நன்றாகக் குளிரட்டும்.

சென்னை: இங்கே கடையில் எந்தப் பாட்டில் வாங்கலாம்?

அந்தக் கடைக்காரரைக் கேளுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்கும் பாட்டிலை மட்டும், எந்தப் பெயராக இருந்தாலும், வாங்காதீர்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றால் சூடு பட்டது.

புதுச்சேரி ஆசிரியர்: சரி அம்மா, ஒருமுறை குடித்துப் பார்க்கிறேன். எதில் தொடங்கலாம்? மகன் அடுத்த மாதம் துலூஸிலிருந்து வருகிறான்.

ஜார்ஜியாவின் ர்கட்சிதேலி ரகம், க்வேவ்ரியில் செய்தது என்று கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். 14 டிகிரி. வெறும் வாயில் குடிக்காதீர்கள், துவர்ப்பு மிரட்டும். வறுத்த மீனோடு குடியுங்கள். முதல் வாய் பிடிக்காவிட்டால் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு அரை மணி கழித்து மறுபடி குடித்துப் பாருங்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் பாட்டிலை டாக்சியின் டிக்கியில் வைக்க வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டு வரட்டும்.