லேசர் எப்படி வேலை செய்கிறது? எத்தனை வகை இருக்கிறது? ஒரே மெஷினில் எல்லாவற்றையும் வெட்டலாமா?

கேள்வியின் கடைசி வாலைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டுக்கும் பாடப்புத்தகமே பதில் சொல்லும். "ஒரே மெஷினில் எல்லாவற்றையும் வெட்டலாமா" என்று கேட்கிறவர் பரீட்சைக்குப் படிக்கிறவராக இருக்க முடியாது. எங்கேயோ ஒரு வீடியோ பார்த்திருக்கிறீர்கள், யாரோ ஒரு விற்பனையாளர் தினமும் ஃபோன் செய்கிறார், வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போகத் தயாராக இருக்கிறது. என் கணிப்பு தப்பென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். 2016-இல் நான் அந்த நிலைமையில்தான் இருந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் லேசர் ஜாப் ஒர்க் கடை வைத்திருக்கிறேன். இது விளம்பரம் இல்லை, கடை பெயரைச் சொல்லப்போவதும் இல்லை. எங்கள் நைனா பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். எம்.சி. ரோடு பக்கம் ஒரு பாத்திரக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் சாக்கு, அதன்மேல் குடமோ தாம்பாளமோ, கையில் சின்ன உளி, சின்ன சுத்தி. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. கல்யாண சீசனில் ராத்திரி பதினோரு மணிவரை டக் டக் என்று ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பார். பிறகு கரண்டில் ஓடும் பேனா மாதிரி மெஷின் வந்தது. அதை அவர் கையால் தொடவில்லை.

அவர் கண் மங்க ஆரம்பித்த வருஷம் நான் மெஷின் வாங்கினேன். 80 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர். "அக்ரிலிக், மரம், துணி, தோல், ஸ்டீல், எதை வேணா வைங்க சார்" என்றார் விற்றவர். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் வேலையாக ஒரு எவர்சில்வர் தட்டில் அம்மா பேரை எழுதுவது என்று ஏற்பாடு. கதிர் வெளிவரும் ஹெட் அழகாக ஓடியது, தட்டின்மேல் சிவப்புப் புள்ளியும் கூடவே ஓடியது. எடுத்துப் பார்த்தால் தட்டு கடையிலிருந்து வந்தபடியே பளபளவென்று இருக்கிறது. பவரை முழுசாக ஏற்றினேன். தட்டு லேசாகச் சூடானது, அவ்வளவுதான். நைனா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா, ஈயம் பூசினா மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்னு சொல்லுவாங்களே, அதுவா இது?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். "அதுக்கு ஒரு ஸ்ப்ரே இருக்கு சார், அடிச்சுட்டு ஓட்டுங்க" என்றார். அடித்தேன். கருப்பாகப் பேர் வந்தது. மூன்று மாதம் தேங்காய் நாரில் தேய்த்ததும் பாதிப் பேர் போய்விட்டது. நல்ல ஸ்ப்ரே நிற்கும் என்பது எனக்கும் தெரியும், அதன் விலையும் தெரியும். தயவுசெய்து திருத்த வர வேண்டாம்.

சரி, தட்டில் ஏன் எழுதவில்லை? அதற்கு லேசர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். நான் ஐடிஐ ஃபிட்டர், பிசிக்ஸ் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அணுவுக்கோ மூலக்கூறுக்கோ சக்தி கொடுத்தால் அது ஒரு படி மேலே ஏறும். பிறகு தானாகக் கீழே இறங்கும்போது அந்தச் சக்தியை ஒளியாக விடும். டியூப் லைட்டில் ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய திசையில் விடுகிறது. சென்ட்ரலில் ரயில் வந்து நின்றதும் கூட்டம் கலைகிற மாதிரி. 1917-இல் ஐன்ஸ்டீன் இன்னொரு வழியும் உண்டு என்று எழுதினார். மேல்படியில் நிற்கும் அணுவை அதற்கேற்ற சக்தியுள்ள ஒளித்துகள் ஒன்று கடந்துபோனால், அந்த அணு அப்போதே இறங்கி, வந்த துகளுக்கு அச்சு அசலாக இன்னொன்றைக் கொடுக்கும். நிறம், திசை, அலையின் ஏற்ற இறக்கம், எல்லாமே ஒன்று. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். புத்தகத்தில் இதைத் தூண்டு உமிழ்வு என்பார்கள். எண்ணூர் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். முப்பது பேர் அவரவர் இஷ்டத்துக்கு இழுத்தால் வலை நகராது, ஒரே குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இழுத்தால் கரைக்கு வந்துவிடும்.

ஆனால் சும்மா இருக்கும் பொருளில் கீழ்ப்படியில் நிற்பவைதான் அதிகம். அவை போகிற ஒளியை விழுங்கிவிடும். அதனால் வெளியிலிருந்து சக்தியைத் திணித்து, மேலே இருப்பவை அதிகமாகும்படி செய்ய வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கண்ணாடி வைத்து ஒளியை ஓடவிட வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சம் கசியும், அப்படிக் கசிவதுதான் நமக்குக் கிடைக்கும் கதிர். இதை முதலில் செய்து காட்டியவர் அமெரிக்காவில் தியோடர் மைமன், 1960 மே 16 அன்று. ஒரு மாணிக்கக் கல் தண்டு, அதைச் சுற்றி ஃபிளாஷ் விளக்கு, 694 நானோமீட்டரில் சிவப்பு ஒளி. அந்த வருஷக் கடைசியிலேயே அலி ஜவானும் கூட்டாளிகளும் ஹீலியம் நியான் வாயுவில் செய்தார்கள். 1962-இல் குறைகடத்தி வந்தது, பார்கோடு படிப்பதும் சிடி ஓடியதும் அதன் வாரிசுகளால்தான்.

என் மெஷினில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் பெல் லேபில் செய்தவர் சி. குமார் படேல். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்தவர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இது தெரிந்த பிறகு டியூபைத் துடைக்கும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. டியூபுக்குள் கார்பன் டை ஆக்சைடோடு நைட்ரஜனும் ஹீலியமும் இருக்கும். கரண்ட் அடிப்பது பெரும்பாலும் நைட்ரஜன்மேல், அது மோதி கார்பன் டை ஆக்சைடை மேலே ஏற்றிவிடும். வேலை முடிந்து கீழே நிற்பவற்றை ஹீலியம் குளிரவைத்துக் காலி செய்யும். வரும் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் பார்க்கும் சிவப்புப் புள்ளி இடம் காட்டுவதற்குத் தனியாக வைத்த சின்ன விளக்கு, அது எதையும் வெட்டுவதில்லை.

இந்த அலைநீளத்துக்கு அக்ரிலிக், மரம், துணி, காகிதம் எல்லாம் கருப்புச் சுவர் மாதிரி, அப்படியே விழுங்கிக்கொள்ளும். தெளிவான கண்ணாடிகூட இதற்குத் தெளிவு இல்லை. மெருகேற்றிய உலோகமோ நிலைக்கண்ணாடி மாதிரி, திருப்பி அடித்துவிடும். டியூபிலிருந்து ஹெட் வரைக்கும் அந்தக் கதிரைத் திருப்பிவிடுவதே மாலிப்டினமும் தங்கப் பூச்சும்தான். மெஷினுக்குள்ளேயே உலோகத்தை வைத்துத்தான் கதிரை மடக்கியிருக்கிறார்கள், அதே கதிர் உலோகத்தில் எழுதும் என்று நான் நம்பி உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான வாட்டில் ஸ்டீல் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு மெஷின்கள் பெரிய ஃபேக்டரிகளில் உண்டு. நான் பேசுவது நம் சந்தில் நுழையும் மெஷினைப் பற்றி.

இரண்டு வருஷம் கழித்து 20 வாட் ஃபைபர் லேசர் வாங்கினேன். இதில் வாயு இல்லை. இட்டர்பியம் கலந்த, மயிரிழை மாதிரி கண்ணாடி நார்தான் லேசர். முன்னால் சொன்ன குறைகடத்தி வகையைச் சேர்ந்த சின்னச் சின்ன டயோடு லேசர்கள் அதற்குத் தீனி போடும். எதிரெதிர்க் கண்ணாடிகளின் வேலையையும் நாருக்குள்ளேயே வரிவரியாகப் பதித்திருப்பார்கள். அலைநீளம் ஏறக்குறைய 1.06 மைக்ரோமீட்டர், அதாவது முன்னதில் பத்தில் ஒரு பங்கு. உலோகம் இதைக் கணிசமாக விழுங்கும். 20 வாட் என்பது பழைய டியூப் லைட்டில் பாதிதானே என்று நானும் யோசித்தேன். ஆனால் அந்த 20 வாட் சீராக வருவதில்லை, நொடிக்கு இருபதாயிரம் அடியாகப் பிரிந்து வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு அடியும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம்தான். அந்தக் கணத்தில் அதன் பலம் பத்தாயிரம் வாட். உளியை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் எவர்சில்வரில் கோடு விழாது, சுத்தியால் தட்டினால்தான் விழும். நைனா நாற்பது வருஷம் செய்தது அதைத்தான். இதை அவரிடம் சொன்னபோது "அப்ப உன் மெஷின் என் தொழிலைத்தான் கத்துக்கினு வந்துருக்கு" என்றார். ஆனால் எழுதியதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "கைக்குத் தெரிலயேடா" என்றும் சொன்னார். அது உண்மை. இப்போது பித்தளைக்கு ஏழெட்டுத் தடவை மேலே மேலே ஓட்டி ஆழம் எடுக்கிறேன்.

அந்தப் பித்தளையில் பட்டுத் திரும்பிய கதிர்தான் என் கண்ணில் கை வைத்தது. பழைய மெஷினோடு வந்த வெள்ளைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு குத்துவிளக்குத் தட்டைக் குனிந்து பார்த்தபடி ஓட்டினேன். வலி இல்லை, சத்தம் இல்லை. சாயங்காலம் செய்தித்தாளில் வலது கண்ணுக்கு மட்டும் நடுவே ஒரு அழுக்கு. துடைத்தாலும் போகவில்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவை ஏற்கெனவே சர்க்கரைக்காக அழைத்துப்போய்க்கொண்டிருந்தேன். மறுநாள் நானும் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என் பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "10.6-க்கு இது சுவர். உங்க புது மெஷினுக்கு இது திறந்த ஜன்னல்" என்றார். பழைய மெஷினின் கதிர் கண்ணில் பட்டால் முன்பக்கத்திலேயே சுட்டுவிடுமாம். ஃபைபர் கதிர் விழியின் முன்பக்கத்தைக் கடந்து, கண்ணின் லென்ஸாலேயே குவிக்கப்பட்டு, பின்னால் விழித்திரையில் போய் உட்காரும். தெரியாத ஒளி என்பதால் இமையும் மூடாது. அந்த அழுக்கு இப்போது சிறிசாகிவிட்டது, முழுசாகப் போகவில்லை. வலது கண்ணால் மட்டும் படித்தால் சின்ன எழுத்தில் ஒன்று காணாமல் போகும்.

லேசர் வகைகளை நான் கற்றது அந்த வரிசையில் காத்திருந்தபோதுதான். அம்மாவுக்கு விழித்திரையில் வைத்தது 532 நானோமீட்டர் பச்சை. அது முன்பக்கத்தில் நிற்காமல் போய் ரத்தமும் நிறமியும் உள்ள இடத்தில் சுடும். பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் புரை எடுத்த பிறகு லென்ஸின் பின்னால் படிந்த சவ்வைக் கிழிக்க யாக் லேசர், அது நியோடிமியம் கலந்த படிகம், 1064 நானோமீட்டர். கண்ணாடி போடாமல் இருக்க, கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான விழிவெண்படலத்தைச் செதுக்குவது எக்சைமர், 193 நானோமீட்டர் புற ஊதா, பட்ட பரப்பைத் தாண்டி ஆழமாகப் போகாது. ஒரே கண்ணுக்கு மூன்று இடம், மூன்று லேசர். திடம், வாயு, சாயம் கரைத்த திரவம், குறைகடத்தி, நார் என்று புத்தகம் வகை பிரிக்கும், அதுவும் சரிதான். எனக்கு அலைநீளம் என்ன, எதிரே இருப்பது எதை விழுங்கும் என்பதுதான் வகை. இப்போது ஆன்லைனில் விற்கும் மேஜை மெஷின்கள் நீல டயோடு, 450 நானோமீட்டர் அளவில். மரத்தை எரிக்கும், ஆனால் நிறமில்லாத அக்ரிலிக்கை ஜன்னல் மாதிரி கடந்து போய்விடும்.

ரெக்சினைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். பை தைக்கும் ஒருவர் மலிவாக ரெக்சின் வெட்டக் கொடுத்தார், நானும் வெட்டினேன். சில மாதத்தில் மெஷினில் ஹெட் ஓடும் தண்டவாளம் எல்லாம் துரு. காசிமேட்டு உப்புக்காற்று என்று நினைத்தேன். எங்கள் பக்கம் எது கெட்டாலும் கடல்மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கிரைண்டரில் ஒரு பொட்டுத் துரு இல்லை. ரெக்சினில் பிவிசி இருக்கிறது, சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் ஆசிட். மெஷினுக்குத் துரு என்றால் என் நுரையீரலுக்கு என்ன என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. இப்போது சந்தேகமான பிளாஸ்டிக் வந்தால் செப்புக் கம்பியைக் காய்ச்சி அதில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுவேன். சுடர் பச்சையாக எரிந்தால் பையோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். மெஷினைவிட என்னைக் கொல்வது டிசைன். வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு படம் அனுப்புவார்கள், இரண்டு மணி நேரம் கோரல் டிராவில் உட்கார்ந்து வரைந்து எடுத்தால், "வெட்டறதுக்குத்தானே காசு, வரையறதுக்குமா?" என்பார்கள். நைனா காலத்தில் எழுத்தை எண்ணிக் காசு கொடுத்தார்கள். அதே ஆட்கள் இண்டர்நெட்டில் விலை பார்த்துவிட்டு, "வண்ணாரப்பேட்டையில் இந்த விலையா" என்று வேறு கேட்பார்கள். இடத்தைப் பார்த்தா வேலைக்கு விலை? விடுங்கள், இது உங்கள் கேள்வி இல்லை.

உங்களுக்கு: பாத்திரம், நகை, சாவிக்கொத்து என்றால் ஃபைபர். போர்டு, கல்யாணப் பத்திரிகை, துணி, மரம் என்றால் கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு மெஷின், இரண்டு விதப் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடியின் விளிம்பில் அலைநீளம் அச்சிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அது வெயிலுக்குப் போடுவது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் கண் முன்னால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தட்டு உங்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் சாம்பிளுக்கு எடுத்துத் தருவதில் முன்பே ஸ்ப்ரே அடித்திருக்கும்.