வாசகர் கேள்வி பதில்: இருள் தேவதைக்கு ஒரு டிரெய்லர்

கேள்வி: மனிதக் குழந்தையைக் கவர்ந்துகொண்டு, தன் இனத்துக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுச் செல்லும் கொடிய தேவதையைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறேன். அதற்கு டிரெய்லர் எடுக்க என்னிடம் ஒரு சாதாரண கேமராவும் உதவிக்கு இரண்டு நண்பர்களும் மட்டுமே உண்டு. தேவதையின் சிறகுகளையும் இரவுக் காட்டையும் எப்படிப் படமாக்குவது?

பதில்: சிறகுகளை முதலில் மறந்துவிடுங்கள். 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் இரண்டு சிறுமியர், காகிதத்தில் வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசிகளால் நிறுத்தி எடுக்கத் தொடங்கிய புகைப்படங்கள் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலையே நம்பவைத்தன. இன்றைய பார்வையாளரோ செயற்கைச் சிறகைக் கண்டதும் சிரித்துவிடுவார். தேவதையின் முகத்தை வாசகரின் கற்பனைக்கு விட்டுவிட்டு, அவள் வந்துபோன தடயத்தை மட்டும் காட்டுங்கள்: தொட்டில் விரிப்பில் ஈரமண், பூட்டிய ஜன்னலின் உட்புறத்தில் விரல் தடம், தாய் குனிந்து பார்த்ததும் மாறும் அவளுடைய முகபாவம்.

காட்டை உண்மையான இரவில் எடுக்க முயன்றால், வெளிச்சம் போதாமல், கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை உயர்த்த நேரும். படமெங்கும் புள்ளிகள் மொய்க்கும். பகலிலேயே எடுத்து இரவாக்குவது பழைய திரைப்பட உத்தி. சூரியன் நடிப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வானம் ஃபிரேமுக்குள் வரவே கூடாது. ஒளியின் நிறத்துக்கேற்பக் கேமராவைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) வைத்தால், ஏறக்குறைய 5600 கெல்வின் கொண்ட பகலொளி நீலமாகப் பதிவாகும். அதோடு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதிவாகும் ஒளியை, இரண்டு ஸ்டாப் அளவுக்கு (நான்கில் ஒரு பங்காக) குறைத்தால், தலைமுடியிலும் தோளிலும் விளிம்பாகப் படியும் வெயில் நிலவொளிபோல் தோன்றும். கையில் விளக்கேந்தி நடக்கும் காட்சிக்கு மட்டும் இது ஒத்துவராது, ஏனெனில் பகலொளியில் சுடர் எடுபடாது. அதைச் சூரியன் மறைந்தபின் சிறிது நேரம் நிற்கும் நீல வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுங்கள். மூடுபனிக்குப் புகை இயந்திரம் வைத்தால், அதற்கும் ஒளி பின்னாலிருந்தே வர வேண்டும்.

மொத்தம் ஒரு நிமிடம் போதும். கதையைச் சுருக்கிச் சொல்லும் எழுத்துகளைத் திரையில் அடுக்காமல், நாவலின் ஒரே ஒரு வாக்கியத்தை ஒலிக்கவிடுங்கள்.

கேள்வி: பிரபலமான திரையிசையைப் பின்னணியில் சேர்க்கலாமா?

பதில்: அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது. இசையமைப்புக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை என இரண்டு உண்டு. இரண்டுக்கும் இசைவு பெற வேண்டும். படைப்பாளரே சில நிபந்தனைகளுடன் பிறர் பயன்பாட்டுக்கு அனுமதித்துள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் இசையிலும், வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நூலை விற்பதற்கான காணொளி வணிகப் பயன்பாடுதான். அட்டைப்படத்தை அசைவூட்டிக் காட்டும் எண்ணமிருந்தால், அதை வரைந்த ஓவியரிடமும் எழுத்து மூலம் இசைவு பெறுங்கள்.