நாய்க்கு வயிறு கெட்டால்: மலத்தைப் பார்த்தே எவ்வளவு தெரியும்?

கேள்வி: சார், எங்க லேப்ரடாருக்கு 3 வயசு. நேத்திலிருந்து ஏழெட்டு தடவை போறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான், ரொம்ப முக்குறான். கடைசியில ஜெல்லி மாதிரி சளி, ஒரு சொட்டு ரத்தம். சாப்பாடு மட்டும் வழக்கம்போல சாப்பிடுறான்.

பதில்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, சளியோடு வந்தால் கோளாறு பெருங்குடலில். சிறுகுடல் கெட்டிருந்தால் ஒரே தடவையில் நிறையப் போகும், நாளடைவில் உடம்பும் இளைக்கும். திடீரென மாற்றிய உணவு, குப்பையில் தின்றது, சாட்டைப்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி எல்லாம் காரணமாகலாம்.

தோல் நீக்கி வேகவைத்த கோழி 1 பங்கு, குழைந்த சோறு 2 பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா, வெங்காயம் எதுவும் கூடாது. நாளுக்கு நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மலம் கெட்டியானதும் பழைய உணவுக்கு ஒரே நாளில் தாவாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். 2 நாளில் அடங்காவிட்டாலோ, வாந்தி சேர்ந்தாலோ டாக்டரிடம் போங்கள். நமக்கு வாங்கிய, பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள லோபரமைடு என்ற மருந்து சில இன நாய்களுக்கு மூளை வரை ஏறிவிடும்.

கேள்வி: மலம் தார் மாதிரி கறுப்பா இருக்கு. ரத்தம் எதுவும் தெரியலையே?

பதில்: அந்தக் கறுப்பே ரத்தமாக இருக்கலாம் அம்மா. வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் செரித்துக் கறுப்பாக வரும். வெள்ளைத் தாளில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். ஓரத்தில் செம்பழுப்பு படிந்தால் சந்தேகம் வலுக்கும். இரும்புச்சத்து டானிக்கும், நிறைய ஈரல் தின்றதும்கூட மலத்தைக் கறுப்பாக்கும். அப்படி எதுவும் கொடுக்கவில்லையென்றால் கொக்கிப்புழு, உண்ணிக் காய்ச்சலில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவது, வீட்டிலிருந்த ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை, இவற்றை நினைக்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: 3 மாசக் குட்டி, ஒரு ஊசிதான் போட்டிருக்கோம். காலையிலிருந்து வாந்தி, இப்ப ரத்தமா பேதி, வாடை தாங்கல.

பதில்: தம்பி, இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள், புரையேறும். இதற்குத் தேவை டிரிப். மணிக்கணக்கில் தாமதித்தால் நீரிழப்பிலேயே போய்விடும். ஊசி 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரை போட்டால்தான் முழுப் பாதுகாப்பு. வீட்டில் மலத்தை அள்ளி, சோப்புப் போட்டுக் கழுவிய பின் 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற விடுங்கள். பினாயிலை நம்பாதீர்கள், இந்த வைரஸ் அதற்குச் சாகாது. மண்ணில் ஒரு வருஷம்கூடக் கிடக்கும்.

கேள்வி: மலத்தில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கு, சிலது நெளியுது.

பதில்: நாடாப்புழுவின் துண்டுகள். பிராசிகுவான்டல் உள்ள மருந்தை எடை பார்த்துத் தருவார்கள். தெள்ளுப்பூச்சியையும் ஒழியுங்கள், அதை விழுங்கித்தான் புழு திரும்ப வருகிறது.

கேள்வி: சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளையா, உதிருது?

பதில்: எலும்பு அதிகம். நிறுத்துங்கள்.

கேள்வி: பரிசோதனைக்கு எவ்வளவு எடுத்து வரணும்?

பதில்: கொட்டைப்பாக்கு அளவு போதும். அன்று போன மலம், மண் ஒட்டாத பகுதி, மூடியுள்ள சுத்தமான டப்பா. கொண்டுவர 2 மணி நேரத்துக்கு மேலாகுமென்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் தென்படாது. அந்தச் சந்தேகம் இருந்தால் 3 நாள் மலம் தனித்தனியாக வேண்டும்.