விண்கல் விழுந்த ஊரில் ஏன் அத்தனை பேருக்கும் வாந்தி?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வானியல் என்றால் உயிர். பிறந்தநாளுக்கு ஒரு சிறிய விண்கல் துண்டு வேண்டும் என்கிறான். பெரு நாட்டில் விண்கல் விழுந்த ஒரு கிராமத்தில் ஊரே நோயில் படுத்தது என்று படித்ததிலிருந்து, அந்தக் கல் வீட்டுக்குள் வரவே கூடாது என்கிறார் என் மாமியார். அந்த மக்களுக்கு என்னதான் ஆனது டாக்டர்? கதிர்வீச்சா, விண்வெளிக் கிருமியா? கல்லை வீட்டில் வைக்கலாமா? — ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஊரில் மக்கள் உடம்புக்கு முடியாமல் போனது உண்மைதான்.

அந்த ஊரின் பெயர் காரங்காஸ். பொலிவிய எல்லையை ஒட்டி, டிட்டிகாக்கா ஏரிக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து 3800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2007 செப்டம்பர் 15 அன்று, நண்பகலுக்குச் சற்று முன்பு அங்கே விண்கல் விழுந்து, சுமார் 13 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. நிலத்தடி நீர் மேலாகவே இருந்த இடம் என்பதால் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. தண்ணீர் கொதித்தது, கெட்ட நாற்றம் வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்குத் தலைவலி, குமட்டல், வாந்தி. சுமார் 200 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. காவலுக்குப் போன போலீஸ்காரர்கள் சிலருக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது.

கதிர்வீச்சு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருவின் அணுசக்தி நிறுவனத்தார் சோதித்துப் பார்த்தார்கள், எதுவும் இல்லை. விழுந்தது காண்ட்ரைட் எனப்படும் சாதாரண வகை விண்கல். அதில் இருக்கும் யுரேனியம், நம் வீட்டுத் தரைக்குப் போடும் கிரானைட்டில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. தவிர, கதிர்வீச்சால் வாந்தி வரவேண்டும் என்றால் மிகப் பெரிய அளவு உடம்பில் பட்டிருக்க வேண்டும். அப்படிப் பட்டவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் ரத்த அணுக்கள் சரியும், முடி கொட்டும். அங்கே பெரும்பாலோர் சில நாட்களிலேயே தேறிவிட்டார்கள். கிருமியும் காரணமாக முடியாது. எந்தக் கிருமியாக இருந்தாலும் உடம்பில் பெருகி நோயாக வெளிப்படச் சற்று அவகாசம் வேண்டும். பள்ளத்தருகே நின்ற கையோடு தலைவலி வராது.

அதிகம் பேசப்பட்டது ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள். அந்தப் பகுதி நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் உண்டு. விண்கல் மோதிய சூட்டில் தண்ணீர் ஆவியாகி, அந்த ஆவியோடு ஆர்சனிக்கும் மூச்சில் போயிருக்கும் என்று பெருவின் புவியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கருதினார்கள். பல இடங்களில் இதையே முடிந்த முடிவாக எழுதியும் விட்டார்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு. தண்ணீரில் கரைந்த ஆர்சனிக் நீராவியோடு அவ்வளவாக மேலே போகாது. ஆர்சனிக் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால், மிஞ்சும் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடுமே தவிர, ஆர்சனிக் போய்விடாது.

கந்தகம் பற்றிய விளக்கம் இதைவிடப் பொருந்துகிறது. இவ்வகை விண்கல்லில் டிரோய்லைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கும். அது சூடேறிக் காற்றுடன் சேர்ந்தால் கந்தக டை ஆக்சைடு உண்டாகும். தொண்டையும் கண்ணும் எரியும். சேற்றில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடும் வெளியேறியிருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட இந்த வாயு, குறைந்த அளவிலேயே தலைவலியும் குமட்டலும் தரும். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளர்களைக் கொல்வதும் இதே வாயுதான். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தொட்டிக்குள்ளோ பாழுங்கிணற்றுக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்றுவதற்காகக்கூட இன்னொருவர் வெறுமனே இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பயம். வானத்திலிருந்து தீப்பந்து விழுந்து நிலம் அதிர்ந்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? பள்ளி வேனில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் குமட்டும் இல்லையா, அதே பாதைதான். பயமும் பதற்றமும் கூட்டத்தில் பரவி உடம்பில் நோயாக வெளிப்படும் இதை மருத்துவத்தில் மாஸ் சைக்கோஜெனிக் இல்னெஸ் என்பார்கள். உதாரணத்துக்கு, பிரேசிலின் கோயானியா நகரில் 1987-ல், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட சீசியம் கதிர்வீச்சுக் கருவி உடைக்கப்பட்டு, பழைய இரும்புக் கடைக்கு விற்கப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். முதலில் வந்த 60,000 பேரில் சுமார் 5000 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கழுத்தில் தடிப்பு என்று கதிர்வீச்சு நோயின் அறிகுறிகள் இருந்தன. அந்த 5000 பேரில் ஒருவர் உடம்பிலும் கதிர்வீச்சு மாசு இல்லை. தடிப்பைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நடிப்பு என்று எப்படிச் சொல்வது? 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லி நோயாளியைத் திருப்பி அனுப்பும் மருத்துவரை என்னால் ஏற்க முடியாது. முதலில் பரிசோதிக்க வேண்டும், அப்புறம்தான் ஆறுதல்.

காரங்காஸில் நடந்தது ஒரே காரணத்தால் அல்ல என்பதே என் கருத்து. கொஞ்சம் கந்தக வாயு, தூசி, நிறையப் பயம். வெளியூரிலிருந்து போனவர்களுக்கு 3800 மீட்டர் உயரமே போதும். மலையேறினால் வரும் நோயின் அறிகுறிகளும் இதே தலைவலியும் குமட்டலும்தான்.

விண்கல்லால் காயம் பட்டதைப் பார்க்க வேண்டுமானால் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் இருக்கிறது. 2013 பிப்ரவரி 15 அன்று வானில் பெரிய வெளிச்சம். என்னவென்று பார்க்க ஜன்னலருகே போனார்கள். ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளைச் சிதறடித்தது. சிகிச்சைக்கு வந்த சுமார் 1500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடி கீறிய காயங்கள்தான்.

சரி, உங்கள் மகனின் கல்லுக்கு வருவோம். கடையில் வாங்கும் துண்டு குளிர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அதிலிருந்து வாயு எதுவும் வராது. விண்கல்லின் உலோகத்தில் நிக்கல் உண்டு. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் வீட்டில் இருந்தால் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், நகையாகவும் அணிய வேண்டாம். கல்லை அறுக்கவோ தேய்க்கவோ மகனை விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கைக்குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.