ஓரிடத்தில் அழித்ததை வேறிடத்தில் ஈடுகட்ட முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்: சூழலியல்

கேள்வி: ‘பல்லுயிர் ஈடுசெய்தல்’ என்று செய்திகளில் படிக்கிறேன். வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் நடுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்களா? – வாசகர், சேலம்

இரண்டும் ஒன்றல்ல. சுரங்கம், அணை, சாலை, குடியிருப்பு போன்ற ஒரு திட்டத்தால் காடோ புல்வெளியோ சதுப்பு நிலமோ அழியும்போது, அங்கு வாழும் உயிர்களுக்கும் அவற்றின் வாழிடத்துக்கும் ஏற்படும் இழப்பை அளந்து, அதற்கு நிகரான அல்லது அதைவிடக் கூடுதலான வாழிடத்தை வேறோர் இடத்தில் உருவாக்கியோ காத்தோ தரும் பொறுப்பைத் திட்டத்தை நடத்துபவரிடம் ஒப்படைப்பதே பல்லுயிர் ஈடுசெய்தல். இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பாதிப்பைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாததைக் குறைக்க வேண்டும். சிதைந்ததை அங்கேயே சீராக்க வேண்டும். அதற்குப் பின்னும் எஞ்சும் இழப்புக்கு மட்டுமே ஈடு என்ற பேச்சு எழ வேண்டும். நடைமுறையில் முதல் மூன்று படிகளையும் விரைந்து தாண்டிவிட்டுக் கடைசிப் படிக்கு வந்துவிடுகிறார்கள் என்பதே இதைப் பற்றிய மிகப் பழைய குறை.

ஜெர்மனி 1976-லேயே இதைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் சதுப்பு நிலங்களை முன்கூட்டியே மீட்டு வைத்து, அந்த மீட்பைத் திட்டங்களை நடத்துவோருக்கு ஈடாக விற்கும் ‘ஈட்டு வங்கிகள்’ பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 37 நாடுகளில் 12,983 ஈடுசெய் திட்டங்களைக் கணக்கெடுத்தது. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 1.53 லட்சம் சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பைவிடக் கூடுதல்.

கேள்வி: இங்கிலாந்தில் வீடு கட்டுவோர் இயற்கையைப் பத்து சதவீதம் கூட்டித் தர வேண்டுமாமே? இயற்கையை எப்படிச் சதவீதத்தில் அளப்பது? – வாசகர், மதுரை

2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி, 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானங்களுக்கும் அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து சிறிய கட்டுமானங்களுக்கும் இவ்விதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. மனையில் உள்ள ஒவ்வொரு வாழிடத்தின் பரப்பையும் அதன் அரிதான தன்மை, இப்போதைய நிலை, அமைவிடம் ஆகியவற்றுக்குரிய மதிப்பெண்களால் பெருக்கி ‘அலகு’களாக மாற்றுகிறார்கள். கட்டுமானத்துக்குப் பின் அலகுகள் குறைந்தது பத்து சதவீதம் கூடியிருக்க வேண்டும். அந்த வாழிடம் 30 ஆண்டுகள் பேணப்பட வேண்டும். மனையிலோ வெளியிலோ அலகு கிடைக்காதவர் கடைசி வழியாக அரசிடமே விலைக்கு வாங்கலாம். அந்த விலை, வாழிட வகையைப் பொறுத்து, ஓர் அலகுக்கு 42,000 பவுண்டிலிருந்து 6,50,000 பவுண்டு வரை வேண்டுமென்றே உயர்வாக வைக்கப்பட்டது.

இந்த அளவுகோல் வாழிடத்தைத்தான் எண்ணுகிறது, அதில் வாழும் உயிரினங்களை எண்ணுவதில்லை. ஒரு புல்வெளியில் எத்தனை வகை வண்டுகள், எத்தனை வகைப் பறவைகள் என்பது கூட்டலில் வராது. அதைவிட எனக்குக் கவலை தருவது கண்காணிப்பு. குடியிருப்புக்குள் உருவாக்கப்படும் புல்வெளி முப்பது ஆண்டுகள் புல்வெளியாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய உள்ளாட்சி அமைப்புகளில் பலவற்றுக்கு அதற்கான சூழலியல் வல்லுநர்கள் போதவில்லை. இதற்கிடையே, சிறு கட்டுநர்களின் சுமையைக் குறைப்பதாகக் கூறி, 0.2 ஹெக்டேருக்குக் குறைவான மனைகளுக்கு விலக்கு அளிக்கப்போவதாக 2025 இறுதியில் அரசு அறிவித்தது. சிறு மனைகள் எண்ணிக்கையில் மிகுதி என்பதால், விதி உண்மையில் எவ்வளவு நிலத்தைத் தொடும் என்பதே இப்போது விவாதம்.

கேள்வி: ஈடுசெய்தல் உண்மையிலேயே பலன் தந்த இடம் எதுவும் உண்டா? – வாசகர், தஞ்சாவூர்

உண்டு. மடகாஸ்கர் தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள அம்படோவி நிக்கல் சுரங்கத்துக்காக 2,064 ஹெக்டேர் இயற்கைக் காடு அழிக்கப்பட்டது. ஈடாக, நான்கு வேறு காடுகளில் நடக்கும் அழிவைக் குறைப்பதாக நிறுவனம் உறுதியளித்தது. அக்காடுகளை அவற்றையொத்த வேறு காடுகளோடு ஒப்பிட்டு 2022-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ‘காப்பு இல்லாதிருந்தால் இந்நேரம் எவ்வளவு அழிந்திருக்கும்’ என்று கணித்தது. அதன்படி, இழப்பில் 79 சதவீதம் அதற்குள் ஈடுகட்டப்பட்டிருந்தது. இத்தகைய ஒப்பீட்டோடு நிறுவப்பட்ட வெற்றிகள் அரியவை. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால், இந்த வெற்றியின் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள். புதிதாக ஒரு மரம்கூட முளைக்கவில்லை. அழிந்திருக்கக்கூடிய காடு அழியாமல் நின்றது; அதுவே வரவாக எழுதப்பட்டது. ஒரு நாட்டில் காடழிப்பு வேகமாக நடக்கும்வரைதான் இந்தக் கணக்குக்கு மதிப்பு. அழிவு தானாகவே குறைந்துவிட்டால், ‘நாங்கள் காத்தோம்’ என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. இன்னொன்று, காட்டை எரித்துப் பயிரிட்டு வந்த ஏழைக் குடும்பங்களைத் தடுத்தே அந்தக் காப்பு நடந்தது. சுரங்கத்தின் ஆதாயம் ஒருவருக்கு, அதன் ஈட்டைச் சுமக்கும் தோள் மற்றொருவருக்கு என்ற இந்தப் பங்கீட்டை எந்த அலகும் காட்டுவதில்லை. என் பார்வையில், ஈடுசெய்தலின் ஆழமான குறை இதுதான்.

காக்கப்பட்ட இடம் காக்கப்பட்டே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. உகாண்டாவில் நைல் நதியின் புஜகாலி அருவி அணைக்காக மூழ்கவிருந்தபோது, அதற்கு ஈடாகக் கீழ்ப்பகுதியில் உள்ள கலகாலா அருவிப் பகுதியைக் காப்பதாக அந்நாட்டு அரசு 2007-இல் உலக வங்கியுடன் ஒப்பந்தம் செய்தது. அதற்கும் கீழே கட்டப்பட்டு 2019-இல் திறக்கப்பட்ட இசிம்பா அணையின் நீர்த்தேக்கம், அந்த ஈட்டுப் பகுதியின் ஒரு பாகத்தையே மூழ்கடித்தது.

கேள்வி: நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிட்டால் போதாதா? – வாசகர், கோயம்புத்தூர்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதைச் செய்து பார்த்தது. திட்டத்தை நடத்துபவர் ஒரு நிதியத்தில் பணம் செலுத்தினால் போதும். உரிய வாழிடத்தைத் தேடிக் காக்கும் கடமை அரசு சார்ந்த அறக்கட்டளைக்கு மாறிவிடும். அழிக்கப்பட்ட அதே வகை வாழிடம் சந்தையில் போதிய அளவு கிடைக்கவில்லை. அம்மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2022-இல் இத்திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறினார். மறு ஆண்டு கென் ஹென்றி தலைமையிலான மறுஆய்வு, பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தன் முதன்மை நோக்கத்தையே நிறைவேற்றவில்லை என்றது. 2024-இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஆயினும், 2025 நவம்பரில் நிறைவேறிய ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசின் சீர்திருத்தங்களில் பணம் செலுத்தும் வழி மீண்டும் இடம்பெற்றுள்ளது. பணம் உடனே வந்துவிடும், வாழிடம் எப்போது வரும் என்பதே அங்குள்ள சூழலியலாளர்களின் கேள்வி.

கேள்வி: இந்தியாவின் நிலை என்ன? – வாசகர், திருநெல்வேலி

வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-இன் கீழ், வன நிலத்தைப் பெறுவோர் ஈடுசெய் காடு வளர்ப்புக்கு வழிசெய்ய வேண்டும். இதற்கான தொகை 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி தனி நிதியமாக நிர்வகிக்கப்படுகிறது. 2019-இல் மட்டும் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. ஆகவே, பணத்துக்குக் குறைவில்லை. நிலத்தின் கதை வேறு. 2013-இல் வெளியான மத்தியத் தணிக்கை அறிக்கை, 2006 முதல் 2012 வரையிலான காலத்தில் பெற வேண்டிய 1.03 லட்சம் ஹெக்டேர் காடல்லாத நிலத்தில் 28,086 ஹெக்டேர் மட்டுமே பெறப்பட்டதாகவும், காடு வளர்ப்பு 7,280 ஹெக்டேரில்தான் நடந்ததாகவும் பதிவு செய்தது.

கிரேட் நிக்கோபார் திட்டத்தில் இந்த முறையின் எல்லை தெளிவாகத் தெரிகிறது. துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியவற்றுக்காக அங்கு ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கான ஈட்டுக் காடு ஹரியானாவில் வளர்க்கப்படும். அங்குள்ள ஆரவல்லி மலைத்தொடரின் வறண்ட மண்ணுக்கும் மரங்கள் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், கலத்தியா விரிகுடாவின் மணலில் முட்டையிடும் தோல்முதுகு (லெதர்பேக்) ஆமைக்கும், அந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத நிக்கோபார் மெகபோடு பறவைக்கும், அக்காட்டையே வீடாகக் கொண்ட ஷோம்பென் மக்களுக்கும் அந்த மரங்கள் எந்த வகையிலும் ஈடாகா. இத்தகைய இடங்களில் ஈடு என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் இத்தகைய திட்டம் வந்தால் என்ன கேட்க வேண்டும்? – வாசகர், தூத்துக்குடி

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமாயின், அதற்குமுன் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். வன நிலம் உள்ள திட்டமெனில், விண்ணப்பத்தை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் காணலாம். ஈட்டு நிலம் எங்குள்ளது, அதில் இப்போது என்ன இருக்கிறது, யார் மேய்க்கிறார்கள் அல்லது பயிரிடுகிறார்கள், எந்த வகை மரங்கள் நடப்படும், முப்பது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு, அழிப்பு தொடங்கும் முன்பே ஈடு தொடங்குமா என்று எழுத்து வடிவில் கேளுங்கள். முடிந்தால் அந்த ஈட்டு நிலத்துக்கு ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். அது ஏற்கெனவே உயிர் நிறைந்த புல்வெளியாகவோ ஊரின் மேய்ச்சல் நிலமாகவோ இருக்கலாம்.